இரண்டு தலையசைப்பு

ஒன்றரை வயது மகள் யுஸ்ரா காலை ஐந்தே காலுக்கு விழித்துக்கொள்வாள். ஃபாரிஷ் அவளைத் தூக்கிப்போய் டயப்பரை மாற்றி, முகம் கழுவிவிட்டு, சமையலறைத் தரையில் பாயைப் போட்டு உட்காரவைப்பான். பால்மாவு நான்கு கரண்டி, தண்ணீர் இருநூறு மில்லி. அவள் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கும்போது அவன் பக்கத்தில் நின்று சுப்ஹு தொழுவான். பால் தீர்ந்துவிட்டால், சஜ்தாவில் இருக்கும் அவன் முதுகில் ஏறிக்கொள்வாள். அவள் இறங்கும் வரை நெற்றியைத் தரையிலேயே வைத்திருப்பான்.

பிறகு ரொஷி. முந்தின நாள் சுட்ட ரொட்டியைக் கல்லில் போட்டுச் சூடாக்குவான். தேங்காய்த் துருவல், வெங்காயம், மாசிக்கருவாடு மூன்றையும் எலுமிச்சை பிழிந்து பிசைவான். அவளுக்கு வெங்காயம் இல்லாமல் தனியாக. ரொஷியை நகமளவு பிய்த்துப் பாலில் ஊறவைக்க வேண்டும். ஊறாவிட்டால் துப்பிவிடுவாள். துணியை மெஷினில் போட்டு, ஆறரைக்குக் கொடியில் உலர்த்தி, ஏழு மணிக்கு எதிர்வீட்டு ஹஃபீஸாவிடம் அவளை விட்டுவிட்டு, ஏழே காலுக்குப் பள்ளியில் இருப்பான். எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் கணக்கு. இப்படியே ஏழு மாதம் ஆகிவிட்டது.

இன்று சனிக்கிழமை. பள்ளி இல்லை. மற்றதெல்லாம் அதேபோல் நடந்தது.

ஆறே முக்காலுக்கு அத்னான் வாசலில் வந்து நின்றார். ஃபாரிஷின் மனைவி ஸுல்ஃபாவுக்கு அக்கா நாஹிதா. நாஹிதாவின் கணவர் அத்னான். தலைநகர் மாலேயில் துறைமுக அலுவலகத்தில் வேலை. வயிறு சட்டைப் பொத்தான்களை இழுத்துப் பிடித்திருந்தது. கையில் தண்ணீர்க் கேன்.

"கிளம்பியாச்சா? அங்க உன் தொந்தா ரெண்டு தடவை என்னைத் திட்டியாச்சு. முதல் தடவை நான் லேட்டுன்னு. ரெண்டாவது தடவை நீ லேட்டுன்னு."

"வந்துட்டேன் பேபெ." தீவில் அண்ணன் என்றால் பேபெ, அக்கா என்றால் தொந்தா.

ஃபாரிஷ் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினான். கதவின் கீல் தொய்ந்திருந்தது. உப்புக்காற்றில் மரம் ஊதி, அடிப்பக்கம் தரையில் உரசும். பிடியை ஒரு விரல்கடை மேலே தூக்கி, அப்படியே மெதுவாகக் கொண்டுவந்து பொருத்த வேண்டும். தூக்காமல் இழுத்தால் தெருமுனை வரை கேட்கும். அவன் தூக்கித்தான் சாத்தினான். ஒரு சத்தமும் இல்லை.

அத்னான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, திருட வந்தவன் மாதிரி சாத்துற? உள்ள யாரு தூங்குறா?"

கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். இருவரும் துறைமுகம் நோக்கி நடந்தார்கள்.

"அடிப்பக்கம் ரெண்டு இழுப்பு இழைச்சா சரியாப் போயிடும்" என்றார் பிறகு. "இழைப்புளி கொண்டுவந்திருக்கேன். நாளைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி முடிச்சிடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"வேண்டாம் பேபெ. இருக்கட்டும்."

"நாளைக்கப்புறம் தனி ஆளா இந்தக் கதவோட மல்லுக்கட்டப் போறியா?"

நாளைக் காலை ஏழு மணி லாஞ்சில் நாஹிதா குடும்பத்தோடு யுஸ்ராவும் மாலேக்குப் போகிறாள். அங்கேயே இருக்கப் போகிறாள். இன்றைய பயணம் அதற்காகத்தான். குழந்தை போவதற்கு முன் எல்லோரும் சேர்ந்து ஒருநாள் மணல்தீவுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டு வரலாம் என்று நாஹிதா சொல்லியிருந்தாள். ஃபாரிஷ் சரி என்றிருந்தான். ஏழு மாதமாக யார் எதைச் சொன்னாலும் அவன் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

துறைமுகத்தில் மூஸாபேயின் தோணி எஞ்சின் ஓடியபடி நின்றது. மூஸாபேக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வாயில் எந்நேரமும் பாக்கும் கிராம்பும் இருக்கும். தீவில் இருந்து யார் எங்கே போவதானாலும் அவர்தான் கொண்டுபோவார். சுற்றுலா என்றால் தோணி, மாலே என்றால் லாஞ்ச். ஸுல்ஃபாவைப் பக்கத்துத் தீவிலிருந்த அட்டோல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லாஞ்சை ஓட்டியதும் அவர்தான்.

"அத்னான், நீ நடுவுல உட்காரு" என்றார். "ஓரத்துல உட்கார்ந்தா மத்தவங்க எல்லாம் நீந்தித்தான் வரணும்."

"மாலேல ஜிம்முல காசு குடுத்தாதான் இந்தப் பேச்சைக் கேக்க முடியும். இங்க சும்மாவே கிடைக்குது."

"ஜிம்முக்கா?" அத்னான், நாஹிதா இருவரின் மகள் ஷைமா போனிலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாள். பதினைந்து வயது. "வாப்பா ஜிம்முக்குப் போனது ஒரே ஒரு நாள். அதுவும் நான் மறந்துட்டு வந்த குடையை எடுக்கப் போனது."

நாஹிதா எழுந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். "வாம்மா, என் தங்கம், எங்கிட்ட வா."

யுஸ்ரா போனாள். யாரிடமும் போகிற குழந்தைதான். நாஹிதா அவளுக்கு மாலேயிலிருந்து வாங்கி வந்திருந்த தொப்பியை வைத்துக் கட்டினாள். அளவெடுத்தது போலப் பொருந்தியது. மாலேயை ஒட்டிய ஹுல்ஹுமாலேயில் நாஹிதா வேலை செய்வது ஒரு மழலையர் பள்ளியில். யுஸ்ராவுக்கு அங்கேயே இடம் சொல்லி வைத்திருந்தாள். ஷைமாவின் அறையில் சின்னக் கட்டில் ஒன்றும் போட்டாயிற்று. குழந்தையின் கூடவே இருப்பாள், கூடவே அழைத்து வருவாள். ஃபாரிஷ் இதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முயன்றதில்லை. முயன்றிருந்தாலும் கிடைத்திருக்காது.

நடந்தது இவ்வளவுதான். ஸுல்ஃபா இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அட்டோல் ஆஸ்பத்திரியில். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். மறுநாள் காலை அடக்கம். கடல் சரியில்லை, மாலேயிலிருந்து லாஞ்ச் ஓடவில்லை. நாஹிதா மூன்றாம் நாள் வந்து சேர்ந்தபோது மேட்டின் மண் காய்ந்து, தலைமாட்டுக் கல் நட்டாகிவிட்டது. தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"கடைசியா என்ன சொன்னா?"

வீடு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேட்பதுதான் வழக்கம். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் கேட்பார்கள். சொல்லவும் சொல்வார்கள்.

"ஒண்ணும் சொல்லலை" என்றான் ஃபாரிஷ்.

அதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கலிமா சொன்னாளா?" அந்த இறைவாக்கு நாவில் இருக்கச் சாவதுதான் நல்ல சாவு.

அவன் இரண்டு நாளாகத் தூங்கியிருக்கவில்லை. எல்லோரும் எழுந்து போனால் போதும் என்றிருந்தது. தலையசைத்தான். பெண்கள் எல்லோரும் ஒரே மூச்சில் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். நாஹிதா அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்தாள்.

"குழந்தையைப் பத்தி? எங்கிட்டதானே விடச் சொன்னா?"

அவன் இன்னொரு முறை தலையசைத்தான்.

மொத்தம் இரண்டு. அதற்குமேல் அவன் எதுவும் சொன்னதில்லை. ஆனால் அது சாகப்போகிறவள் சொன்ன வார்த்தையாகிவிட்டது. அதை மீறினால் கப்ரில் இருப்பவளுக்கு நிம்மதி கிடையாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நாஹிதா மாலேக்குத் திரும்பிப்போய் வாடகைக்கு விட்டிருந்த அறையைக் காலி செய்யவைத்து ஷைமாவுக்குக் கொடுத்தாள். அதற்குத்தான் ஏழு மாதம் பிடித்தது.

மணல்தீவுக்கு ஒன்றேகால் மணி நேரம். இருபது தென்னை, ஒரு புதர்க்காடு, சுற்றிலும் வெள்ளை மணல். மூஸாபே பவளப்பாறை வழியில் தோணியை நுழைத்து, இடுப்பளவு தண்ணீரில் நங்கூரம் போட்டார். அத்னான் முதலில் இறங்கினார். தோணி ஒரு சாண் மேலே வந்தது.

"பாத்தீங்களா" என்றார் மூஸாபே. மற்றவர்கள் சிரித்தார்கள். யுஸ்ராவும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

சாமான்களைத் தலையில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோனார்கள். வரும் வழியில் தூண்டிலில் இரண்டு சூரை கிடைத்திருந்தது. மூஸாபே தண்ணீரோரம் உட்கார்ந்து அவற்றைத் துண்டு போட்டார். நாஹிதா தேங்காய் மட்டையை அடுக்கி நெருப்பு மூட்டினாள். உப்புத் தண்ணீர் கொதித்ததும் மீனைப் போட்டு, நுரையைக் கரண்டியால் எடுத்து எடுத்து மணலில் கொட்டினாள். நுரையை ஒழுங்காக எடுத்தால்தான் மீன்சாறான கருதியா கண்ணாடி போலத் தெளிந்து வரும்.

"ஸுல்ஃபா எடுக்கவே மாட்டா" என்றாள். "சோம்பேறி. அவ வெச்ச கருதியாவைப் பாத்தா துணி துவைச்ச தண்ணி மாதிரி இருக்கும்."

"ஆனா ருசி இருக்கும்" என்றார் அத்னான்.

"ஓஹோ. அப்ப என்னது?"

"உன்னது பாக்க அழகா இருக்கும்."

கரண்டி அவர் முதுகில் விழுந்தது. ஷைமா போனை நீட்டிப் படமெடுத்தாள். "இன்னொரு தடவை அடிங்க உம்மா, சரியா விழலை."

ஃபாரிஷ் குழந்தையோடு புதரோரம் உட்கார்ந்திருந்தான். அங்கே நிழலில் நண்டுகள் சங்கைச் சுமந்துகொண்டு நடந்துபோயின. யுஸ்ரா ஒன்றைத் தொட்டாள். அது உள்ளே போய்க் கதவடைத்துக்கொண்டது. அவள் குந்தி உட்கார்ந்து காத்திருந்தாள். அது கால் நீட்டியதும் மறுபடி தொட்டாள். மறுபடி உள்ளே போயிற்று. இப்படி இருபது தடவைக்கு மேல். அவன் எண்ணிக்கொண்டிருந்தான், வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. நாளை இந்நேரம் என்ன செய்வோம் என்று யோசித்துப் பார்த்தான். வினாத்தாள் கட்டு ஒன்று திருத்த வேண்டியிருந்தது. அது நினைவுக்கு வந்ததும் யோசனை முடிந்துவிட்டது.

பிறகு எல்லோரும் கடலில் இறங்கினார்கள். நாஹிதா முழு உடையோடு கழுத்தளவு தண்ணீரில் போய் உட்கார்ந்தாள். யுஸ்ராவை மடியில் வைத்து அலை வரும்போதெல்லாம் தூக்கினாள். ஒவ்வொரு முறையும் குழந்தை வீரிட்டுச் சிரித்தது. நாஹிதாவும் சிரித்தாள். அவளைப் பின்னாலிருந்து பார்த்தால், தோளும் தலைத்துணியைக் காதோரம் சொருகியிருந்த விதமும், ஸுல்ஃபா மாதிரியே இருந்தது. ஃபாரிஷ் பார்வையை எடுத்துத் தோணியின் பக்கம் வைத்தான்.

குளித்து வந்த பசியில் சோறு சீக்கிரம் தீர்ந்தது. சோறு, கருதியா, எலுமிச்சை, பச்சைமிளகாய், வறுத்த ஈரப்பலாக்காய். எல்லோரும் வாழையிலை அளவுக்கு வெட்டிய தாளில் வைத்துக் கையால் சாப்பிட்டார்கள். யுஸ்ரா சோற்றைப் பாதி தின்று பாதி மணலுக்குக் கொடுத்தாள். பிறகு எழுந்து தள்ளாடியபடி ஐஸ்பெட்டியிடம் போனாள்.

அது பழைய பெட்டி. மூடியின் ஒரு பக்கக் கீல் உடைந்திருந்தது. ஷைமா ஒரு குளிர்பான கேனை எடுத்துவிட்டு மூடியை அப்படியே திறந்துபோட்டிருந்தாள். யுஸ்ரா இரண்டு கையாலும் மூடியைப் பிடித்தாள். முதலில் கொஞ்சம் மேலே தூக்கினாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது. அப்படியே மெல்ல, மெல்லக் கீழே இறக்கினாள். மூடி பெட்டியில் உட்கார்ந்தபோது ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு விரலை உதட்டில் வைத்து எல்லோரையும் பார்த்து, "ஷ்ஷ்" என்றாள்.

ஷைமா விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரு கத்துக்கொடுத்தது இதை? யுஸ்ரா, இன்னொரு தடவை! இன்னொரு தடவை செய்!"

ஷைமா திறந்தாள். யுஸ்ரா மறுபடி தூக்கி, மறுபடி மெல்ல மூடினாள். "ஷ்ஷ்."

"பெட்டிக்குள்ள மீன் தூங்குதாம்" என்றார் அத்னான்.

"எங்க பாத்துச்சு இதை?" என்று நாஹிதா ஃபாரிஷைக் கேட்டாள்.

"தெரியலை" என்றான்.

தெரியும். ஏழு மாதமாக நாளுக்கு நான்கைந்து முறை அவன் இடுப்பிலிருந்து அவள் பார்த்தது அதுதான். விரலை உதட்டில் வைத்தது எப்போது என்று அவனுக்கு நினைவில்லை. வைத்திருக்க வேண்டும். மாலேயில் அவள் இதை இன்னும் கொஞ்ச நாள் செய்வாள். எதற்காகச் செய்கிறாள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பிறகு விட்டுவிடுவாள்.

சாப்பிட்டு முடித்து மூஸாபே பாக்கு வெட்ட ஆரம்பித்தார். நாஹிதா அவருக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"உங்களுக்குத் தெரியாதது இல்ல மூஸாபே. எனக்கு இது பாரம்னு ஊர்ல சில பேரு சொல்றாங்களாம். பாரமா? அவ கடைசியா கேட்டது என்னைத்தானே? இவன் மடியில தலையை வெச்சு, இவன் கையைப் பிடிச்சு, 'யுஸ்ராவைத் தொந்தாகிட்ட குடுத்துடு, தொந்தாதான் அவளுக்கு உம்மா'ன்னு மூணு தடவை சொன்னாளாம். அப்புறம் கலிமா. அப்படியே கண்ணை மூடிட்டா. அந்தச் சாவு யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்க?"

ஃபாரிஷ் கேட்டுக்கொண்டிருந்தான். போன பெருநாளுக்கு வந்தபோது கையைப் பிடித்தது மட்டும்தான் இருந்தது. மடியும் மூன்று தடவையும் இப்போது சேர்ந்திருந்தன. அவள் பொய் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கு அது தெளிவாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூஸாபேயின் பாக்குவெட்டி நின்றிருந்தது.

"லாஞ்சுலயா சொன்னா?"

"லாஞ்சுலதான்."

அவர் ஃபாரிஷைப் பார்த்தார். பிறகு பாக்கைப் பார்த்தார்.

"அன்னைக்கு அலை ஜாஸ்தி" என்றார். "எஞ்சின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கலை." பாக்கு இரண்டாகப் பிளந்தது.

இரண்டு மணிக்குத் தண்ணீர் வற்றத் தொடங்கியது. தோணியை ஆழத்துக்குத் தள்ளிக் கட்ட வேண்டும் என்று மூஸாபே எழுந்தார். "அத்னான் வேண்டாம், தோணி பயப்படும். நீ வா ஃபாரிஷ்."

இருவரும் தண்ணீரில் நடந்தார்கள். நங்கூரக் கயிற்றை இழுக்கும்போது மூஸாபே கரைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"நான் அன்னைக்கு அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன். ரெண்டு கை தூரம். அந்தப் பொண்ணு வாய் அசையலை."

"தெரியும்."

"துறைமுகத்துல தூக்கி ஏத்தினப்பவே நினைவு இல்லை."

"தெரியும் மூஸாபே."

"அப்ப எங்கிருந்துடா வந்துச்சு இவ்வளவு பேச்சு?"

"கேட்டாங்க. தலையாட்டினேன்."

மூஸாபே கயிற்றைச் சுருட்டினார். சுருட்டி முடித்து நிமிர்ந்தார்.

"உன் பொண்ணு, உன் இஷ்டம். மாலேக்கு அனுப்பினா தப்புன்னு நான் சொல்லலை. என் பொண்ணு ரெண்டும் அங்கதான் படிச்சுது. நாஹிதா நல்லவ. ஆனா அனுப்பறதுன்னா நீ அனுப்பு. செத்தவ வாயில போட்டு அனுப்பாதே." எச்சிலைக் காற்று போகும் பக்கம் பார்த்துத் துப்பினார். "நாளைக்கு ஏழு மணிக்கு லாஞ்ச். ஏறுறவங்க பேரை எழுதி நான் கையெழுத்துப் போடணும். குழந்தை பேரை எழுதவா, வேண்டாமா? அதை மட்டும் இன்னைக்குச் சொல்லிடு."

"சொல்றேன்."

"எப்ப?"

"கரைக்குப் போயிட்டு."

திரும்பி வந்தபோது யுஸ்ரா தென்னை நிழலில் பாயில் தூங்கிவிட்டிருந்தாள். ஒரு கையில் காலியான சங்கு. நாஹிதா பக்கத்தில் உட்கார்ந்து ஓலைக்கீற்றால் விசிறிக்கொண்டிருந்தாள். அத்னானும் ஷைமாவும் தூரத்தில் மணல்முனையில் கிளிஞ்சல் பொறுக்கினார்கள். அத்னான் எதையோ மிதித்துக் கத்தினார். ஷைமாவின் சிரிப்பு இங்கே வரை கேட்டது.

ஃபாரிஷ் பாயின் மறுபக்கம் உட்கார்ந்தான். ஈரத்தோடு உட்கார்ந்ததால் மணல் ஒட்டியது.

"தொந்தா."

"சத்தம் போடாதே. இப்பதான் அசந்தா."

அவன் பாயோரம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஸுல்ஃபா அப்படிச் சொல்லலை."

"எப்படி?"

"யுஸ்ராவை உங்ககிட்ட விடச் சொல்லி. அவ சொல்லலை. நீங்க கேட்டீங்க, நான் தலையாட்டிட்டேன்."

ஓலைக்கீற்று நின்றது.

"என்னடா சொல்ற?"

"லாஞ்சுல அவளுக்கு நினைவே இல்லை. துறைமுகத்துக்குப் போற வழியிலேயே என் மேல சாஞ்சுட்டா. அப்புறம் பேசலை. மூஸாபேக்குத் தெரியும்."

நாஹிதா அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏழு மாசம்" என்றாள். "ஏழு மாசமா ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன். ஸ்கூல்ல சொல்லியிருக்கேன். தொழுதுட்டு உட்கார்ந்தா அதைத்தான் நினைச்சுக்குவேன். நீ பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டே இருந்திருக்க. இன்னைக்குக் கூட. வாயைத் திறக்கலை."

"ஆமா."

"கட்டில் வாங்கியிருக்கேன்டா."

"தெரியும்."

"தெரியும், தெரியும்! வேற வார்த்தையே தெரியாதா உனக்கு?"

குழந்தை அசைந்தது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். நாஹிதா விசிறலைத் தொடர்ந்தாள், முன்னைவிட வேகமாக. யுஸ்ரா சங்கை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள்.

"அப்ப கலிமா?" என்றாள் நாஹிதா.

இந்தக் கேள்வி வரும் என்று அவனுக்குத் தெரியும். தோணியிலிருந்து கரைக்கு நடந்த நூறு அடியும் இதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தான். இதை மட்டும் விட்டுவைக்கலாமா என்றுகூட நினைத்தான்.

"எனக்குக் கேக்கலை" என்றான். "எஞ்சின் சத்தம். மனசுக்குள்ள சொன்னாளான்னு எனக்குத் தெரியாது. சொல்லலைன்னு நான் சொல்ல மாட்டேன். கேட்டேன்னும் சொல்ல முடியாது."

நாஹிதா தலைத்துணியின் முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கடலின் பக்கம் திரும்பினாள். தண்ணீர் நன்றாக உள்வாங்கி, பாறைகள் தலைகாட்டியிருந்தன.

"மாலேல அவளுக்கு எல்லாம் இருக்கு. இங்க என்ன இருக்கு? நீ பள்ளிக்கூடம் போனா எதிர்வீட்டுக்காரிகிட்ட. உடம்புக்கு ஒண்ணுன்னா மறுபடி அதே லாஞ்ச்."

"ஆமா."

"அப்புறம்?"

"யுஸ்ரா எங்கிட்ட இருக்கட்டும்."

"ஏன்?"

காரணம் சொல்லும் பழக்கமே அவனுக்கு விட்டுப்போயிருந்தது. அவன் குழந்தையின் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டான்.

"லீவுக்கு அனுப்பறேன். கட்டிலை எடுத்துடாதீங்க" என்றான்.

நாஹிதா சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. தூரத்தில் மூஸாபே பாத்திரங்களை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை நிமிர்ந்து இவர்கள் பக்கம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். கிளம்பும் நேரம் நெருங்கியிருந்தது. அவள் ஓலைக்கீற்றைப் பாயில் வைத்தாள்.

"நான் முகத்தைக்கூடப் பாக்கலை" என்றாள். "உண்மையா ஏதாவது ஒண்ணு குடு எனக்கு. என்னவா வேணா இருக்கட்டும். அவ வாயிலிருந்து கடைசியா வந்தது என்னடா?"

அவன் சொன்னான். அன்றைக்கு மதியம் ஒன்றரை மணி. தலைவலி என்று சொல்லிக்கொண்டே ஸுல்ஃபா யுஸ்ராவைத் தூங்கவைத்தாள். பிறகு வாந்தி எடுத்தாள். அவன் மூஸாபேக்குப் போன் செய்தான். ஹஃபீஸா வந்து குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஸுல்ஃபா ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, தானாகவே நடந்து வாசலைத் தாண்டினாள். அவன் பின்னால் வந்து கதவின் பிடியில் கை வைத்தான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"தூக்கிச் சாத்து ஃபாரிஷ். இப்பதான் தூங்கினா."